சொட்டு எண்ணத் தெரியாம ரோலரைத் தொட்ட கதை

இந்த எபிசோட் முக்கியமா நர்சிங் படிக்கிறவங்களுக்கு. "ஐவி பேசிக்ஸ் பத்தி பேசுங்க அண்ணா"ன்னு நாலஞ்சு பேர் மெயில் போட்டிருந்தீங்க. நான் கோடு எழுதுற ஆள், எனக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். என் சித்தி பொண்ணு பி.எஸ்சி. நர்சிங் மூணாவது வருஷம் படிக்கிறா. எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவதான், ஸ்கிரிப்டைத் திருத்தினதும் அவதான். ஆனா நான் இதைக் கத்துக்கிட்டதுக்குக் காரணம், நான் செஞ்ச ஒரு தப்பு.

போன நவம்பர் மழையில அப்பாவுக்கு டெங்கு. மந்தைவெளி பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல சேர்த்தோம். போன் பண்ற சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்ளோ?" ட்ரிப்ஸ் எவ்வளவு வேகத்துல போகுதுன்னு ஒருத்தர்கூடக் கேட்கலை. முதல் ரெண்டு நாள் பாட்டில் நல்லா ஓடுச்சு. மூணாவது நாள் ராத்திரி பார்த்தா, கிட்டத்தட்ட நின்ன மாதிரி இருந்தது. சொட்டு... அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு சொட்டு. சரி, கவனிக்காம விட்டுட்டாங்கன்னு நினைச்சு, நானே ரோலரைத் தள்ளிவிட்டேன். சொட்டு கடகடன்னு விழுந்ததும் எனக்கு ஒரு திருப்தி வேற.

இருபது நிமிஷத்துல சிஸ்டர் வந்தாங்க. பாட்டிலைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "யார் சார் இதைத் தொட்டது?"

நான் என்ன செஞ்சேன்னு புரியணும்னா கணக்கு தெரியணும். உங்க பரீட்சையிலயும் இது வரும். மொத்த மில்லியை ஐவி செட்டோட டிராப் ஃபேக்டரால பெருக்கி, நிமிஷக் கணக்குல நேரத்தால வகுக்கணும். நம்ம ஊர்ல பெரியவங்களுக்குப் போடுற சாதாரண செட்ல 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி பாட்டிலை 4 மணி நேரத்துல ஏத்தணும்னா 500 பெருக்கல் 20, வகுத்தல் 240. ஏறக்குறைய 42 சொட்டு. அப்பாவுக்கு அன்னைக்கு எழுதியிருந்தது 10 மணி நேரத்துக்கு. அதாவது நிமிஷத்துக்கு 17 சொட்டு. மூணரை செகண்டுக்கு ஒண்ணு. கண்ணுக்கு அது நின்ன மாதிரிதான் தெரியும்.

நான் விட்டது செகண்டுக்கு ரெண்டு சொட்டு இருக்கும். மணிக்கு 360 மில்லி. போக வேண்டியது 50. ஏழு மடங்கு.

டெங்குல இது ஏன் ஆபத்து? காய்ச்சல் இறங்குற நேரத்துல ரத்தக்குழாய்ல இருந்து நீர் வெளியே கசியும். பொதுவா 24லேர்ந்து 48 மணி நேரம் வரைக்கும் அது நீடிக்கும். அப்போ ட்ரிப்ஸ் உயிரைக் காப்பாத்தும். கசிவு நின்னதும், வெளியே போன நீர் எல்லாம் திரும்ப ரத்தத்துக்குள்ள வரும். அந்த நேரத்துலயும் நாம வேகமா ஏத்திக்கிட்டே இருந்தா நுரையீரல்ல நீர் கோத்துக்கும், மூச்சு திணறும். அதனாலதான் டாக்டர் குறைச்சிருந்தார். கேஸ் ஷீட்ல எழுதியும் இருந்தது. நான்தான் படிக்கலை.

இன்னொரு செட் இருக்கு, மைக்ரோ டிரிப். குழந்தைகளுக்குப் போடுறது. அதுல 60 சொட்டு ஒரு மில்லி, அதனால நிமிஷத்துக்கு எத்தனை சொட்டோ மணிக்கு அத்தனை மில்லி. கணக்கே வேண்டாம். ஆனா 30 சொட்டுன்னு மைக்ரோவுக்குப் போட்ட கணக்கைச் சாதாரண செட்ல ஓட்டினா, குழந்தைக்கு 30 மில்லிக்குப் பதிலா 90 மில்லி போயிடும். 1999ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்கிட்ட போய் அழிஞ்சதும் இதே மாதிரி அலகு குழப்பத்துலதான். செட்டோட கவர்ல டிராப் ஃபேக்டர் அச்சடிச்சிருக்கும். கிழிச்சுப் போடுறதுக்கு முன்னாடி பாருங்க.

ஒரு தடவை எண்ணி வெச்சா போதாது. பம்ப் இல்லாத ட்ரிப்ஸ் புவியீர்ப்புலதான் ஓடுது. பேஷன்ட் எழுந்து உட்கார்ந்தா, கையை மடக்கினா, கட்டிலை உயர்த்தினா, பாட்டில் காலியாகக் காலியாக, வேகம் மாறும். அதனால திரும்பத் திரும்ப எண்ணணும்.

இப்போ ஊசி. நம்ம ஊர்ல எல்லாரும் "நரம்பு கிடைக்கலை"ன்னுதான் சொல்வோம். பள்ளிக்கூடப் புத்தகத்துல நரம்புன்னா வேற, இது சிரை. ஆனா வார்டுல நரம்புன்னே சொல்லுங்க, சிரைன்னா பாட்டிக்குப் புரியாது. வென்ஃப்ளான் கலர் மனப்பாடம் ஆகணும்: பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24. நம்பர் ஏற ஏற ஊசி சின்னது. வலது கைக்காரருக்கு இடது கை. முதல்ல கீழ, புறங்கைப் பக்கம் ஆரம்பிங்க, மூட்டைத் தவிர்த்துடுங்க. டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கை, மார்பக ஆபரேஷன் செஞ்ச பக்கத்துக் கை, ரெண்டையும் தொடக்கூடாது. ஸ்பிரிட் தடவினா காயவிடுங்க, ஊதிக் காயவைக்காதீங்க. ரத்தம் தெரிஞ்சதும் சாய்வைக் குறைச்சு, பிளாஸ்டிக் குழாயை மட்டும் உள்ள தள்ளணும். வெளிய இழுத்த ஊசியை மறுபடி அதே குழாய்க்குள்ள விடவே கூடாது. குழாய் நுனி அறுந்து ரத்தத்தோட போகலாம்.

வீங்கி, வெளுத்து, தொட்டா சில்லுன்னு இருந்தா மருந்து வெளியே போகுது. சிவந்து, சூடா, கயிறு மாதிரி தட்டுப்பட்டு வலிச்சா சிரை அழற்சி. ரெண்டுக்கும் முதல் வேலை ட்ரிப்ஸை நிறுத்துறது.

கீமோவுல இது இன்னும் தீவிரம். நம்ம அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை 1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சாங்க. அங்க மாதிரி புற்றுநோய் வார்டுகள்ல பயன்படுற வின்கிரிஸ்டின், மயிலாப்பூர் வீட்டு வாசல்கள்ல பூக்குற நித்தியகல்யாணியிலேர்ந்து வர்ற மருந்து. சிரையை விட்டு வெளிய கசிஞ்சா சதை அழுகிடும். டாக்சோரூபிசின் கசிஞ்சா ஐஸ் ஒத்தடம், வின்கிரிஸ்டின் கசிஞ்சா சூட்டு ஒத்தடம். மாத்திச் செஞ்சா பாதிப்பு கூடும். பொட்டாசியம் குளோரைடு பத்தி ஒரே வரி: ஆம்பூல்லேர்ந்து நேரா ஏத்தவே கூடாது, இதயம் நின்னுடும். நிறைய திரவத்துல கலக்கி, பாட்டிலை நல்லா தலைகீழாக் கவிழ்த்துக் கலந்து, மெதுவா.

"டயர்டா இருக்கு, ஒரு ட்ரிப்ஸ் போடுங்க"ன்னு தி. நகர் கிளினிக்ல கேட்கிற மாமாக்களுக்கு: 500 மில்லி அஞ்சு சதவீத குளுக்கோஸ்ல இருக்கிறது 25 கிராம் சர்க்கரை. ரெண்டு இட்லி சாப்பிடலாம். வாயால குடிக்க முடியறவங்களுக்கு வாய்தான் நல்ல வழி. 1971ல பங்களாதேஷ் அகதிகள் முகாம்ல, பன்காவ்ல, காலரா. ஐவி பாட்டில் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்ல வெச்சுக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்தது.

ட்ரிப்ஸோட ஆரம்பமே காலராதான். 1832ல ஸ்காட்லாந்துல தாமஸ் லாட்டான்னு ஒரு டாக்டர், சாகக்கிடந்த ஒரு மூதாட்டிக்கு உப்புத்தண்ணியை சிரையில ஏத்தினார். அரை மணி நேரத்துல அவங்க முகத்துல உயிர் வந்துச்சு. லாட்டா அவங்களை வேற டாக்டர்கிட்ட ஒப்படைச்சுட்டுக் கிளம்பிட்டார். வாந்தியும் பேதியும் திரும்பின, மறுபடி யாரும் ஏத்தலை, அஞ்சரை மணி நேரத்துல இறந்துட்டாங்க. திரும்ப ஏத்தியிருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு அவரே எழுதினார். என் சித்தி பொண்ணுக்கு இந்தக் கதையைச் சொன்னப்ப அவ கேட்டது: "அப்ப பக்கத்துல நர்ஸ் யாருமே இல்லையா?"

சரி, மந்தைவெளிக்கு வரேன். சிஸ்டர் ட்ரிப்ஸை நிறுத்தி, அப்பாவை நிமிர்த்தி உட்கார வெச்சு, விரல்ல ஆக்சிஜன் பார்த்து, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாங்க. அவர் முதுகுல ஸ்டெத் வெச்சு ரொம்ப நேரம் கேட்டார். நெஞ்சு சுத்தமாத்தான் இருந்தது. இருபது நிமிஷத்துல பார்த்ததால தப்பிச்சோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப 17 சொட்டுல ஓடவிட்டாங்க. பாட்டில் பக்கவாட்டுல நீளமா ஒரு பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு போட்டாங்க. "தண்ணி கோட்டுக்கு மேல இருந்தாலும் கூப்பிடுங்க, கீழ இருந்தாலும் கூப்பிடுங்க. கையை மட்டும் வைக்காதீங்க சார்."

வாட்சை வெச்சுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சேன். அப்பா குறட்டை விட்டார். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி சரியா ரெண்டு மணிக் கோட்டுல நின்னது.