பார்த்துக்கொள்பவருக்கும் உதவி வேண்டும்

மறதிநோய் முற்றியவருக்குப் பெற்ற பிள்ளையின் முகம்கூடத் தெரியாமல் போகும். வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் மறந்துபோகும். அந்த வீட்டில் மகளோ மருமகளோ இரவெல்லாம் கண்விழித்துக் கிடப்பார். பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணைத் தனியே விடக்கூடாது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, புரையேறாமல் எப்படி நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது என்பதையெல்லாம் அந்தச் செவிலியரிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். சொல்லக் கேட்டால் மட்டும் கை பழகாது. முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

சொந்தக்காரர்களே, போனில் நலம் விசாரித்தால் போதாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் நான்கு மணி நேரம் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.