பழைய வண்டியும் புதிய உறுப்புகளும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள நிலம் எழுவான்கரை என்றும், மேற்கேயுள்ளது படுவான்கரை என்றும் வழங்கும். படுவான்கரையின் உட்புறத்தே உன்னிச்சைக் குளமும் அதன் நீரை நம்பிய வயல்களும் உள்ளன. வட்டைக்குச் செல்லும் உழவருக்கும், தயிர்ச் சட்டிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்வோருக்கும், வாவி மீனை ஊரூராக விற்போருக்கும் அங்கே நெடுங்காலம் கைகொடுத்தது துவிச்சக்கர வண்டியாகும். மோட்டார்ச் சைக்கிள்கள் பெருகிய பின்னர் அது கொட்டிலின் மூலையை அடைந்தது. 2022 ஆம் ஆண்டில் இலங்கையெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது மீண்டும் நினைவுக்கு வந்தது. புதிய வண்டியின் விலையும் அவ்வேளையில் உயர்ந்திருந்தமையால், தந்தையோ பாட்டனோ ஓட்டிய வண்டியைப் புதிய உறுப்புகள் பூட்டித் திருத்துவதா, பழைய இரும்பாக விற்பதா என்னும் வினா பல வீடுகளில் எழுந்தது.

இவ்வினாவுக்கு விடை வண்டியின் சட்டத்திலே தொடங்குகிறது. ஏனைய உறுப்புகள் யாவும் சட்டத்தைப் பற்றி நிற்பவை. சட்டமோ முன்கவையோ பழுதுபட்டிருப்பின், அவற்றின்மேல் செய்யும் செலவு வீண் செலவாகும். குழல்கள் கூடும் இடங்களில் உள்ள துருவைச் சுரண்டிப் பார்த்தல் வேண்டும். மேற்பூச்சில் படிந்த துரு துடைத்தால் போகும். இரும்பை அரித்து உட்சென்ற துருவோ, மயிரிழை போன்ற வெடிப்போ இருப்பின் அது வேறு செய்தி. கைபிடிக்குக் கீழே சட்டக் குழலின் அடிப்புறத்தில் வண்ணம் சுருங்கியிருந்தால், வண்டி முன்னொருகால் எதனுடனோ மோதியது என்பதற்கு அது சான்று. பின் சில்லின் அச்சு பொருந்தும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, முன் தலைக்குழலைச் சுற்றி மறுபக்க அச்சிடம் வரை இழுத்து, இருக்கைக் குழலுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தால், சட்டம் வளைந்துளதா என்பது தெரிந்துவிடும். நெல்மூடை ஏற்றிச் செல்லும் வண்டியில் முன்கவை முறிந்தால் இழப்பு பணத்தோடு முடிவதில்லை.

சட்டம் உறுதியானது எனத் தெரிந்தபின், தேயும் உறுப்புகளை மாற்றத் தயங்க வேண்டியதில்லை. ரயர், ரியூப், பிறேக்குக் கட்டை, சங்கிலி, அச்சுக்களினுள் உருளும் குண்டுகள் ஆகியவை தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே அமைந்தவை. சங்கிலியின் தேய்வை அடிக்கோலாலேயே அறியலாம். புதிய சங்கிலியில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் நீளும். அந்நீளம் ஓர் அங்குலத்தில் 16 இல் ஒரு பங்கு மிகுந்தால் சங்கிலியை மாற்றவேண்டும். 8 இல் ஒரு பங்கு மிகுந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்நிலையில் சங்கிலியை மட்டும் புதிதாக்கினால், அது தேய்ந்த பல்லில் வழுக்கும்.

பணத்தை வீணாக்கும் பெரும் இடர், பொருந்தாத உறுப்பை வாங்குவதாகும். பழைய றலி வண்டிகள் பலவற்றில் மிதிகளின் அச்சு செல்லும் குழலில் அங்குலத்துக்கு 26 புரிகள் உள்ளன. பிற வண்டிகளிலோ பெரும்பாலும் 24. இரண்டு புரிகளே வேறுபாடு எனினும், ஒன்றை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால் சட்டத்தின் புரியே சிதையும். ரயரிலும் இவ்வாறே: 26 அங்குலம் என ஒரே பெயர் பெற்ற ரயர்களுள் ஒன்று 590 மில்லிமீற்றர் விட்டமுள்ள றிம்முக்கும், மற்றொன்று 559 மில்லிமீற்றர் விட்டமுள்ள றிம்முக்கும் உரியவை. ஆதலின் ரயரின் பக்கத்தில் பொறித்துள்ள மில்லிமீற்றர் எண்ணைக் கண்டு வாங்குதல் நன்று. பழைய கம்பிப் பிறேக்கு, றிம்மின் உட்புறத்தில் கட்டையை மேல்நோக்கி அழுத்துவது. புதிய பிறேக்கு றிம்மின் இரு பக்கங்களையும் கவ்வுவது. உருண்ட பக்கங்களையுடைய பழைய றிம்மில் புதியது சரியாகப் பிடிக்காது. எனவே பிறேக்கை மாற்ற எண்ணுபவர் சில்லையும் மாற்ற நேரிடும்; செலவு இரட்டிக்கும்.

இத்தனையும் மாற்றியபின் எஞ்சுவது தந்தையின் வண்டிதானா என்று சிலர் கேட்பர். ஏதென்சு நகரத்தார் போற்றிக் காத்த தீசியசின் கப்பலில் பழைய பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபோது, அது அதே கப்பலா என அறிஞர் வாதிட்டதாகக் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதியுள்ளார். குளத்தை நம்பி வாழ்பவர்க்கு இவ்வாதம் புதிரன்று. கரைந்த அணைக்கு மண் இடுவர். பழுதான மதகுக் கதவை மாற்றுவர். குளம் அதே குளமாகவே நின்று வயலுக்கு நீர் தரும். எனினும் முன்னோர் கைபட்ட அடையாளங்களை அழிக்க வேண்டியதில்லை. உற்பத்தியாளர் சின்னத்தையும், சட்டத்தின் மெல்லிய பொற்கோடுகளையும் மறைத்து வண்ணம் பூசினால் அவற்றை மீட்க இயலாது. எண்ணெய்த் துணியால் துடைத்தலே போதும். கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு தகரப் பெட்டியில் இட்டு வைத்தால், பின்னொருகால் மீளப் பூட்டவும் கூடும்.

ஆதலின் ஓர் ஆணியைக் கழற்றுமுன்னரே, மாற்றவேண்டியவற்றையும் அவற்றின் விலையையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது முறை. சட்டம் உறுதியாயிருந்து, தொகை புதிய வண்டியின் விலையினும் கணிசமாகக் குறைவாயின் திருத்துவதே இலாபம். தொகை அதனை நெருங்கினால், நாள்தோறும் சுமை ஏற்றுபவர் புதியதை வாங்குவதே தக்கது. பழையதைச் சுவரோரம் நினைவுப் பொருளாக வைக்கலாம். சட்டம் வெடித்திருந்தாலோ, எத்துணை அன்புக்குரியதாயினும் அவ்வண்டியைப் பள்ளி செல்லும் பிள்ளையின் கையில் கொடுத்தல் ஆகாது.