நிலாவரைப் பொடி அம்பது கிராம் குடுங்க

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் முப்பது வருடம் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவன் நான். கடையை மூடிய பிறகும் நம் தெருக் குழந்தைகளுக்கு நான் மருந்துக்கடைத் தாத்தாதான். குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு நாட்டு மருந்து என்ன என்று பேசச் சொன்னார் செயலாளர். பேனாவும் பேப்பரும் கொண்டு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இன்று நான் மருந்து சொல்ல வரவில்லை. என் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். பையனுக்கு ஆறு வயது. நாலு நாள், ஐந்து நாள் ஆனாலும் வெளிக்குப் போவதில்லை. "நிலாவரைப் பொடி அம்பது கிராம் குடுங்கண்ணா" என்றார். கொடுத்தேன். அடுத்த மாதமும் வந்தார், கொடுத்தேன். மூன்றாவது மாதம் கொஞ்சம் கூடுதலாகவே கட்டினேன். பையனை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. பிறகு பையன் ஜட்டியிலேயே தண்ணீர் போலப் போக ஆரம்பித்தான். பேதி என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கேட்டு வந்தபோதுதான் எனக்கே பயம் வந்தது. டாக்டரிடம் போகச் சொன்னேன். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் காட்டினார்கள். அது பேதியே அல்ல. உள்ளே மலம் கல் போல இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. அதன் ஓரமாகக் கசிந்ததைத்தான் நாங்கள் பேதி என்று எண்ணியிருக்கிறோம்.

நிலாவரை மட்டமான மருந்து அல்ல. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் செம்மண்ணில் விளைந்து உலகம் முழுக்கப் போகும் இலை அது. சீனர்களும் வாங்குகிறார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயருக்கு 'அயல்நாட்டுப் பேதி இலை' என்று பொருள். நாமோ அவர்கள் வேரை வாங்கி 'ரேவல் சின்னி' என்கிறோம். பாரசீகம் வழியாக வந்த பெயர். சின்னி என்றால் சீனத்துச் சரக்கு. இமயமலைப் பக்கத்து வேரும் இன்று அதே பெயரில் விற்கிறது. 1839இல் லின் சேஷு என்ற சீன அதிகாரி விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்தில், தேயிலையும் இந்த வேரும் இல்லாமல் அயல்நாட்டார் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்கிற அளவுக்கு எழுதினார். அவ்வளவு பேர் பெற்ற பேதி மருந்து.

இலையும் வேரும் வேறு வேறு என்றாலும் உள்ளே இருக்கும் சத்து ஒரே வகை. இரவில் கொடுத்தால் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைந்து, குடலைச் சுருக்கித் தள்ளும். காலையில் வேலை செய்யும். ரேவல் சின்னியில் துவர்ப்பும் உண்டு. பேதி நின்ற பிறகு அந்தத் துவர்ப்பே மறுபடி கட்டிவிடும்.

இப்போது அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் மலம் இறுகிப் போய் வலித்திருக்கிறது. வலிக்குப் பயந்து அடுத்த நாள் அடக்கினான். அடக்க அடக்க இன்னும் இறுகியது. நானோ பின்னாலிருந்து தள்ளும் மருந்தைக் கொடுத்தேன். வயிற்றை முறுக்கியது, வலி கூடியது, பயமும் கூடியது, அவன் இன்னும் இறுக்கி அடக்கினான். கதவைச் சாத்திக்கொண்டு நிற்பவனைப் பின்னாலிருந்து தள்ளினால் கதவு திறக்குமா?

டாக்டர்களும் சில குழந்தைகளுக்கு நிலாவரைச் சத்து உள்ள மருந்து தருவதுண்டு. ஆனால் முதலில் அடைப்பை எடுத்து, மலத்தை இளக்கி, வயதையும் எடையையும் பார்த்து அளந்து தருகிறார்கள். கடைப் பொடியில் அந்த அளவு கிடையாது. இந்த மூட்டை இலைக்கும் அந்த மூட்டை இலைக்கும் வீரியம் மாறும். முப்பது வருடம் தராசு பிடித்த கை சொல்கிறது, நம்புங்கள்.

கைக்குழந்தை வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். வெற்றிலைக் காம்பை ஆசனவாயில் வைப்பதும் வேண்டாம், புண்ணாகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் போகாமல் இருந்தாலும், மலம் இளக்கமாக இருந்து, நன்றாகக் குடித்து எடை கூடினால் பயப்பட வேண்டியதில்லை.

பின் என்ன செய்வது? காலைச் சாப்பாடு முடிந்ததும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் உட்கார வையுங்கள். திட்டாதீர்கள், செல்போனும் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தோம். இப்போது ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கட்டுகிற ஃபிளாட்டெல்லாம் வெஸ்டர்ன் டாய்லெட். குழந்தையின் கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் போடுங்கள். கொய்யா, பப்பாளி, கீரை, ஊறவைத்த உலர் திராட்சை கொடுங்கள். சோற்றைத் தள்ளிவிட்டு நாள் முழுக்கப் பாலாகவே குடிக்கும் குழந்தைக்குப் பாலைக் குறையுங்கள்.

பிறந்து இரண்டு நாளாகியும் முதல் மலம் போகாத குழந்தை, பிறந்த மாதத்திலிருந்தே சிக்கல் உள்ள குழந்தை, வயிறு உப்பி பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை, மலத்தில் ரத்தம் போகும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, இவர்களுக்கு வீட்டு வைத்தியம் கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள். நாட்டு வைத்தியம்தான் வேண்டும் என்பவர்கள் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்த சித்த மருத்துவர் குழந்தையைப் பார்த்து மருந்து தருவார்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையன் தேறிவிட்டான், ஆனால் பல மாதம் ஆனது. மருந்தோடு டாக்டர் அவனிடம் ஒரு கேள்வி கேட்டாராம். "ஸ்கூல்ல ஏன் போக மாட்டேங்கிற?" அவன் சொன்னான்: "தாழ்ப்பாள் இல்ல, தண்ணி வராது." நான் மூன்று மாதம் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

இன்று இரவு உங்கள் பிள்ளையின் ஸ்கூல் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். நிரப்பிய தண்ணீர் அப்படியே திரும்பி வந்திருந்தால், டாய்லெட் போகப் பயந்து குடிக்காமல் இருக்கிறதோ என்று கேளுங்கள். பதிலை எழுதி சங்கத்தில் கொடுங்கள். தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் மனு கொடுக்கிற நம் சங்கம், பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போய்த் தாழ்ப்பாளுக்கும் தண்ணீருக்கும் ஒரு மனு கொடுக்கட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.