ஊர் எல்லைக்கு அப்பால் ஒரு பண்ணை
(வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் விடுதி இடமும் தேடித் தந்துவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகின்றேன்.

சென்ற ஆண்டு என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தான். அழைத்துக் கேட்டேன். தலை கவிழ்ந்து நின்றான். பிறகு, “எழுதினா சிரிப்பாங்க, சார்” என்றான். அவன் தந்தை இறந்த மாடுகளை எடுத்துத் தோலுரித்து விற்பவர். நான் அவனுக்கு என்ன அறிவுரை கூறுவேன்? அதே வயதில், அதே தொழில் செய்த என் பாட்டனாரைக் ‘கூலி’ என்று எழுதியவன் அல்லவா நான்!

அந்த மாணவனுக்காக நான் தேடிப் படித்த ஒரு வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன். அது ஜெர்மானிய நாட்டு வரலாறு.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானியச் சிற்றூர் ஒன்றிற்கு நாம் சென்றதாகக் கொள்ளுங்கள். நடுவே தேவாலயம், அதனைச் சூழ்ந்து வீடுகள், அப்பால் வயல்கள். அவற்றையும் கடந்து, காட்டோரத்தில், துணைக்கு வேறு வீடின்றி ஒரு பண்ணை நிற்கும். அருகே ஒரு புல்வெளி. அதற்குச் ‘சிண்டாங்கர்’ என்று பெயர்; தோலுரிக்கும் வெளி என்பது பொருள். அப்பண்ணையில் வாழ்ந்தவரைச் ‘சிண்டர்’ என்றும், ‘அப்டெக்கர்’ என்றும், ‘வாசன்மைஸ்டர்’ என்றும் வட்டாரத்திற்கு ஒரு பெயரால் அழைத்தனர்.

அவருடைய தொழில் யாது? சுற்று வட்டாரத்தில் மாடோ குதிரையோ இறந்தால் உரியவர் அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர் வண்டியுடன் வந்து உடலை எடுத்துச் செல்வார். தோலை உரித்துப் பதனிடுவோருக்கு விற்பார். கொழுப்பு சோப்புக்கும் மசகுக்கும் சென்றது. எலும்பும் குளம்பும் பசை காய்ச்சச் சென்றன. குதிரை மயிர் மெத்தைக்குச் சென்றது. எஞ்சியதைப் புதைத்தார். தெருநாய்களைப் பிடிப்பதும், சில நகரங்களில் மலக்குழிகளைத் துப்புரவு செய்வதும் அவர் தலையிலேயே விழுந்தன.

இவ்வேலையால் ஊருக்கு விளைந்த நன்மையை எண்ணிப் பாருங்கள். அடைப்பான் நோய்க் கிருமியின் வாழ்க்கை முறையை ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக் 1876-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். அக்கிருமியின் வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் அழியாமல் கிடக்கும். கிருமி என்ற சொல்லே அறியப்படாத காலத்தில், நோயுற்று மடிந்த கால்நடைகளைத் தம் வெறுங்கையால் தொட்டு ஊரைக் காத்தவர் அப்பண்ணை வீட்டுக்காரர்.

ஊர் அவருக்கு அளித்த பரிசு என்ன தெரியுமா? ‘மானமற்றவர்’ என்னும் பட்டம். அவரைத் தொட்ட கைத்தொழிலாளி தன் ‘கில்டு’ எனப்படும் தொழிற்சங்கத்தில் மதிப்பிழப்பான். செத்த நாயைத் தொட்டதற்காகச் சங்கத்தின் தண்டனைக்கு உள்ளானவர்களும் உண்டு. சில ஊர்களின் மதுச்சாலைகளில் அவருக்குத் தனி இருக்கை, தனிக் குவளை. அவர் இறந்தால் பெட்டியைச் சுமக்கத் தோள் கொடுப்பார் அரியர். அவர் மகன் தச்சு வேலையோ தையல் வேலையோ பயில விரும்பினால் எந்தச் சங்கமும் கதவைத் திறக்காது. ஆகவே மகனும் அதே தொழில். மகளுக்கும் அத்தகைய குடும்பத்திலேயே மணம்.

தனிக் குவளை என்றதும் உங்களில் முதியோர் சிலர் ஒருவரையொருவர் நோக்கியதைக் கவனித்தேன். ஆம், நாம் அறிந்த குவளைதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பகலில் அவரைத் தொட அஞ்சியவர்களே, மாடு நோயுற்றால் அவரைத் தேடிச் சென்றனர். தம் எலும்பு முறிந்தாலும் அவரிடமே களிம்பு கேட்டு நின்றனர். விலங்கின் உடலை உள்ளும் புறமும் கண்டவர் அவரன்றோ!

இந்நிலை எவ்வாறு மாறியது? தோலுரிப்போரைப் போன்றே, மரண தண்டனை நிறைவேற்றுவோரும் மானமற்றவர் எனப்பட்டனர். நியூரம்பர்க் நகரில் அப்பணி புரிந்த பிரான்சு சுமிட் என்பவர், ஓய்வு பெற்ற பின் 1624-ஆம் ஆண்டில் பேரரசருக்கு விண்ணப்பித்துத் தம் குடும்பத்தின் மதிப்பை மீட்டார். ஒரு குடும்பம் மீண்டது. ஏனைய குடும்பங்கள் அவ்வாறே கிடந்தன.

1731-ஆம் ஆண்டில் பேரரசு ஒரு சட்டம் இயற்றியது. மானமற்றவை எனப்பட்ட பல தொழில்களைச் செய்வோரின் பிள்ளைகளைச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கு: தோலுரிப்போருக்கு மட்டும் இரண்டாம் தலைமுறை வரை இடமில்லை! தாழ்த்தப்பட்டோரிலும் ஒருவரைக் கடைசியாக நிறுத்திவைக்கும் வழக்கம் அங்கும் இருந்தது. 1772-ஆம் ஆண்டில்தான், அத்தொழிலைத் தாமே செய்யாத பிள்ளைகளுக்கு வழி திறக்கப்பட்டது. சட்டம் திறந்த கதவைப் பல சங்கங்கள் மீண்டும் சாத்தப் பார்த்தன. 19-ஆம் நூற்றாண்டில் எவரும் எத்தொழிலும் செய்யலாம் என்ற உரிமை, பிரஷ்யாவில் 1810-ஐ ஒட்டியும், 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிந்த பரப்பிலும் வந்த பின்னரே, சங்கங்களின் பிடி தளர்ந்தது.

இன்னொரு கதவையும் குறிப்பிட வேண்டும். 1762-இல் பிரான்சின் லியோன் நகரிலும், 1778-இல் ஜெர்மனியின் ஹனோவரிலும் கால்நடை மருத்துவப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இழிந்தது எனப்பட்ட அறிவு ஏட்டில் ஏறியதும் பெருமைக்குரிய படிப்பாயிற்று! ஆயினும் அந்தப் பெருமை, அவ்வறிவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவரின் பெயருக்குச் சேரவில்லை. ஜெர்மன் மொழியில் அத்தொழிலைக் குறித்த சொல், வதைப்பவன் என்னும் வசையாக இன்றும் வழங்குகின்றது.

அது மட்டுமா? ‘பறையர்’ என்னும் நம் தமிழ்ச் சொல், ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் புகுந்து, ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் நிலைத்துள்ளது. ஒதுக்கிவைக்க அவர்களிடமே மனிதர்கள் இருந்தும், அதற்குப் பெயர் வைக்க நம் பெயரை எடுத்துச் சென்றனர்.

அன்பர்களே, இரண்டும் முற்றிலும் ஒன்று என்று நான் கூறவில்லை. அங்கே ஊர்ச் சங்கங்கள் விதித்த இழிவு, சங்கங்களின் அதிகாரம் சாய்ந்ததும் வேரற்றது. இங்கே சாதி, பிறவியோடும் சமயத்தோடும் பிணைந்து நிற்கின்றது. அதனாலன்றோ அண்ணல் அம்பேத்கர் 1927-ஆம் ஆண்டு மகாடு மாநாட்டில், செத்த மாட்டை இழுக்கும் வேலையையும் அதன் இறைச்சியையும் கைவிடுமாறு நம் மக்களை அறைகூவி அழைத்தார்! அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் 2016-ஆம் ஆண்டு குஜராத்தின் உனாவில், இறந்த பசுவின் தோலை உரித்த இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அதன்பின் அம்மாநிலத்தில் நம் மக்கள் மாட்டுச் சடலங்களை அரசு அலுவலக வாயிலில் கொண்டுபோய்ப் போட்டு, ‘இனி நாங்கள் எடுக்கமாட்டோம்’ என்றனர். எடுக்க ஆளில்லாத போதுதான் அவ்வேலையின் அருமை ஊருக்குப் புரிந்தது.

இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றவை இரண்டு. தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஒருவனுக்கு மட்டும் கிடைத்தால் போதாது. படித்து மேலேறியவன் தன் விண்ணப்பம் நிறைவேறியதும் திரும்பிப் பாராதிருந்தால், கடைசியில் நிற்பவன் அங்கேயே நிற்பான். இக்கழகம் அவனுக்காகவே இருக்கின்றது. இரண்டாவது, அத்தொழிலை நாம் விடலாம், விடவும் வேண்டும். ஆனால் அதனைச் செய்தவரைக் குறித்து வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கம், குவளையைத் தனியே வைத்தவனைச் சேர்ந்தது.

அந்த மாணவன் படிவத்தை நிரப்பினானா என்று கேட்பீர்கள். அன்று அவன் நிரப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இவ்வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த ஊர்ல அவங்க பிள்ளைங்க இப்ப என்ன சார் பண்றாங்க?” என்றான். “எல்லா வேலையும்” என்றேன்.

அந்த விடையை நம் ஊரிலும் தயங்காமல் சொல்லும் நாளுக்காக இக்கழகம் மேலும் உழைக்கட்டும் என வாழ்த்தி, என் பாட்டனாரின் தொழிலை இன்று இம்மேடையில் மறைக்காமல் சொன்ன மனநிறைவோடு விடைபெறுகின்றேன்.