விளக்கும் வீடும் எவர் கையில்?

(திருமுதுகுன்றத்தில் கூடிய இயக்கக் கூட்டத்தில், கனிம வரி பற்றிய தீர்மானத்தை முன்மொழிந்து ஆற்றிய உரை. எழுத்தில் சற்றே சுருக்கப்பெற்றது.)



இவ்வூரின் மாடி ஒன்றில் இரவில் ஏறி நின்று கிழக்கே நோக்குங்கள். அடிவானத்தில் நெய்வேலியின் ஒளி தெரியும். 1962 முதல் அங்கு மின்னாற்றல் ஆக்கப்பெறுகின்றது. அவ்வொளிக்காகத் தம் நிலத்தைக் கொடுத்தவர்களுள் இன்றும் கீற்றுக் கூரையின் கீழ் உறங்குவோர் உளர். அவர்களுள் சிலர் இக்கூட்டத்திலும் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள் முன் நின்று புள்ளிக்கணக்குப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் கணக்கைப் பேசாமல் உரிமையைப் பேச இயலாது.

விளக்கெரிக்கும் நிலக்கரி நெய்வேலியில் கிடைக்கின்றது. வீடு கட்டும் சிமிட்டிக்குரிய சுண்ணக்கல் பக்கத்து அரியலூரில் கிடைக்கின்றது. இரண்டும் நம் காலடி மண்ணில் உள்ளவை. ஆனால், அக்கரிக்கு உரியவர் யார் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. அச்சிமிட்டியால் வீடு கட்ட வாங்கும் கடனுக்கு வட்டி எவ்வளவு என்பதையும் நாம் முடிவு செய்வதில்லை. விளக்கு வேறு, வீடு வேறு என்று அரசினர் இரண்டு துறைகளாகப் பிரித்துவிட்டமையால் நாமும் இரண்டையும் தனித்தனியே எண்ணிப் பழகிவிட்டோம். இன்று ஒன்றாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் கரி. நெய்வேலி நிறுவனம் 1956இல் அமைந்தது. சுரங்கப் பணி 1957இல் தொடங்கியது. அதே 1957இல்தான் கனிமங்கள் பற்றிய நடுவணரசுச் சட்டமும் வந்தது. அரசியற்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நடுவணரசுப் பட்டியலின் 54ஆம் இனத்தைக் கொண்டு இயற்றிய சட்டம் அது. அதன்படி, தோண்டும் கரிக்கு மாநிலத்திற்கு உரிமைத்தொகை உண்டு. ஆனால் அத்தொகையின் விழுக்காட்டை வரையறுப்பது தில்லி. நிலம் நம்முடையது, அதற்கு வாடகை பேசுகின்றவர் வேறொருவர். இப்படிப்பட்ட குடக்கூலி முறையை உங்கள் ஊரில் எவரேனும் ஒப்புக்கொள்வரா?

2013இல் நடந்ததை நினைவூட்டுகின்றேன். அந்நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதியைத் தனியார்க்கு விற்கத் தில்லி முடிவு செய்தது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில் தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 விழுக்காட்டுப் பங்கை ஏறத்தாழ 358 கோடி உருபா கொடுத்து வாங்கின. தனியார் கைக்குப் போகாமல் காத்தது நல்லதே. அதனைச் செய்த அன்றைய அரசைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் நம் மண்ணின் கரியில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்கு நாமே விலை கொடுத்தோம் என்பதை மறக்கலாகாது.

அதன்பின் பத்தாண்டு கழித்து, 2023 சூலையில், வளையமாதேவியில் கதிர் வந்திருந்த நெல்வயலுக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட வேண்டுமாம். அந்நிலத்தை எப்பொழுதோ எடுத்துக்கொண்டோம், இழப்பீடும் கொடுத்தோம் என்றார்கள். இருக்கட்டும். விளைந்த நெல்லை அறுத்துக்கொள்ளும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? வழக்கு மன்றத்திலும் இதே கேள்விதான் எழுந்தது.

நெய்வேலி மின்னாற்றலில் தமிழ்நாட்டிற்குப் பங்குண்டு. அண்டை மாநிலங்களுக்கும் உண்டு. அதனை நான் குறைசொல்ல வரவில்லை. கேரளத்திலும் கன்னடத்திலும் விளக்கெரியட்டும். பகிர்ந்து கொடுக்கும் கை எது என்பதே என் கேள்வி.

மின்னாற்றல் பொதுப்பட்டியலில் 38ஆம் இனம். பொதுப்பட்டியல் என்றால் இருவர்க்கும் பொது என்று பொருள். நடைமுறையிலோ தில்லி சட்டம் செய்யும், நாம் கடன்படுவோம். 2003ஆம் ஆண்டு மின்சட்டத்தின் விளைவாக, 1957 முதல் ஒன்றாயிருந்த நம் மின்வாரியம் 2010இல் துண்டாயிற்று. 2017 சனவரியில் 'உதய்' என்னும் திட்டத்தில் தமிழ்நாடு கையொப்பமிட்டது. அதன்படி மின்பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி உருபாவை மாநில அரசு தன் தோளில் ஏற்றுக்கொண்டது. கடன் கழகத்தின் தோளிலிருந்து அரசின் தோளுக்கு மாறிற்றே தவிர, தில்லி ஒரு காசும் ஏற்கவில்லை. அறிவுரை மட்டும் கொடுத்தது: கட்டணத்தைக் காலந்தோறும் திருத்துக!

இவ்விடத்தில் நம்மவரையும் சொல்லியாக வேண்டும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணிநேரத்திற்கு மேல் மின்வெட்டு இருந்தது. விசைத்தறி நின்றது, பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் தேர்வுக்குப் படித்தனர். தென்னக மின்தொகுப்பு வடக்குத் தொகுப்போடு ஒத்தியங்கத் தொடங்கியதே 2013 திசம்பர் 31இல்தான். அதுவரை, வேறிடத்தில் மிகுந்திருந்த மின்னையும் வேண்டிய அளவு இங்கே கொணர வழியில்லை. அது தில்லியின் குற்றம். ஆனால் தேவை பெருகுவது தெரிந்திருந்தும் உரிய காலத்தில் புதிய மின்நிலையங்களைக் கட்டி முடிக்காமை எவர் குற்றம்? மாறி மாறி ஆண்ட நம்மவர் குற்றம். முப்பந்தலில் வீசுகின்ற காற்றை எவரும் பட்டியலில் எழுதி எடுத்துக்கொள்ளவில்லையே! அங்கும் பெரும்பகுதி தனியார் ஆலைகளாகவே நிற்கின்றன.

இனி வீடு. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர் 20 இலக்கம் உருபாவை 20 ஆண்டுத் தவணையில், 9 விழுக்காட்டு வட்டிக்கு வாங்குகின்றார் எனக் கொள்வோம். மாதந்தோறும் ஏறத்தாழ 18,000 உருபா. 240 மாதமும் கட்டி முடித்தால் 43 இலக்கத்திற்கு மேலாகும். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டின் விலை! 2022 மே முதல் 2023 பிப்பிரவரி வரையில் சேம வங்கி தன் அடிப்படை வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டிற்கு ஏற்றியது. கடன்வட்டி 7இலிருந்து 9.5 ஆனால், இதே 20 இலக்கத்திற்கு மாதத் தவணை 15,500இலிருந்து 18,600 ஆகும். அந்த மூவாயிரம் உருபாவுக்காக அவர் வீட்டில் எது குறைந்திருக்கும் என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். பின்னர் 2025இல் வட்டி படிப்படியாய்க் குறைக்கப்பெற்றது. அதுவும் நம்மைக் கேட்டுச் செய்ததன்று.

சம்பளச் சீட்டு இல்லாதவர் நிலை என்ன? கூலி உழவர்க்கும் கொத்தனார்க்கும் வைப்பகத்தின் கதவு திறப்பதில்லை. பட்டா இல்லாத மனைக்கு எவன் கடன் கொடுப்பான்? அவர்களுக்கு அரசே வீடு கொடுக்க வேண்டும். அரசு கொடுத்த கதையையும் கேளுங்கள்.

2016இல் தில்லி ஓர் ஊரக வீட்டுத் திட்டத்தைக் கொணர்ந்தது. 'பிரதான் மந்திரி ஆவாசு யோசனா' என்பது அதன் பெயர். அப்பெயரை வீட்டுச் சுவரில் எழுதிவைத்த பாட்டியிடம் பொருள் கேட்டுப் பாருங்கள்! சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 உருபா என்று வரையறுத்தார்கள். அதில் 72,000 தில்லியுடையது, 48,000 நம்முடையது. அத்தொகையில் கற்காரைத் தளம் போட இயலாது. ஆகலின் தமிழக அரசு கூரைக்கென்று தனியே முதலில் 50,000மும், பின்னர் 1,20,000மும் சேர்த்துக் கொடுத்தது. கூட்டிப் பாருங்கள். 2,40,000இல் 1,68,000 நம் பணம். பத்தில் ஏழு பங்கு கொடுத்தவன் பெயர் சுவரில் இல்லை.

முழுவதும் நம் பணத்திலேயே கட்டிய வீடுகளும் உண்டு. 2011இல் தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டத்தில் 300 சதுர அடி வீடு, 1,80,000 உருபா, அதில் 30,000 கதிரொளி விளக்குகளுக்கு. அறைக்கொன்றும் திண்ணைக்கொன்றுமாய் ஐந்து விளக்கு. வீட்டையும் விளக்கையும் ஒன்றாக எண்ணிய திட்டம் என்பதால் எனக்கு அதன்மீது ஒரு பற்றுண்டு. ஆனால் மின்கலம் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோகும் பொருள். மாற்றுவதற்குப் பணம் எங்கே என்பதை எவரும் எண்ணவில்லை. கூரைமேல் தகடு இருக்கும், கீழே விளக்கு எரியாது. அத்தகைய வீடுகளை வழிநெடுகப் பார்த்திருக்கின்றேன். 2024 முதல் கலைஞர் கனவு இல்லம் என்று வீட்டுக்கு 3,50,000 உருபா கொடுக்கின்றார்கள். தொகை உயர்ந்திருக்கின்றது, நன்று.

கடன் கொடுப்பவனே வீட்டின் வடிவையும் முடிவு செய்வான் என்பதற்குச் சென்னை ஒரு சான்று. 1970இல் குடிசைமாற்று வாரியம் அமைந்தபொழுது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். 1977இல் உலக வங்கியின் கடன் வந்தது. மாடி வேண்டா, மனையை மட்டும் கொடுத்துத் தவணை வாங்கு என்றது. அதற்கும் பின்னாளில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளை நகருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்கினார்கள். பிழைப்பு ஓரிடம், படுக்கை ஓரிடம். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண் விடியுமுன் பேருந்துக்கு நிற்க வேண்டும். கண்ணகியின் பெயரை அங்கு வைத்தவர் எவரோ, பொருத்தம் தெரிந்துதான் வைத்திருக்கின்றார்.

"வட்டியை மாநிலந்தோறும் வெவ்வேறாக வைக்க இயலுமா? நாணயம் ஒன்றாயிற்றே!" என்று கற்றறிந்த நண்பர்கள் கேட்கின்றார்கள். இன்றைய அமைப்பில் இயலாதுதான். ஆகலின், அவ்வட்டிக்கு ஆட்படாத பணம் நமக்கு எங்கிருந்து வரும் என்பதையே நாம் தேட வேண்டும். அது நம் காலடியில் இருக்கின்றது என்பதே இத்தீர்மானத்தின் உயிர்.

தமிழக அரசு ஒருகாலத்தில் சுண்ணக்கல்லின் உரிமைத்தொகைமீது ஊராட்சிகளுக்கென ஒரு மேல்வரி போட்டது. சிமிட்டி நிறுவனம் ஒன்று வழக்கிட்டது. 1989 அகுடோபரில் உச்சமன்றத்தின் எழுவர் ஆயம், உரிமைத்தொகையே ஒரு வரி, அதன்மீது மாநிலம் மேல்வரி போடலாகாது என்று தீர்த்தது. நம் ஊராட்சிகளின் வருவாய் மட்டுமன்று, கனிமம் உடைய மாநிலங்கள் அனைத்தின் கையும் அன்று கட்டப்பெற்றது. கட்டு அவிழ 35 ஆண்டு ஆயிற்று. 2024 சூலை 25இல் ஒன்பதின்மர் ஆயம், எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில், உரிமைத்தொகை வரியன்று, கனிம உரிமைக்கு வரிபோடும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு எனத் தீர்த்தது. அதே ஆண்டில் தமிழக சட்டமன்றம் கனிமவளம் உள்ள நிலங்களுக்கான வரிச்சட்டத்தை இயற்றியது. 2025 ஏப்பிரலில் அது நடைமுறைக்கு வந்தது.

வந்தவுடன் என்ன நேர்ந்தது? கற்சுரங்க உரிமையாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சல்லியும் கல்மணலும் விலை ஏறின. வரியை அவர்கள் கட்டவில்லை தோழர்களே. வீடு கட்டியவன் தலையில் இறக்கி வைத்தார்கள். இக்குறையை மறைத்து இவ்வரியைப் போற்றினால் நாம் நேர்மையற்றவர் ஆவோம். கரிக்கும் சுண்ணக்கல்லுக்கும் கட்டுகின்றவை பெருநிறுவனங்கள். சல்லிக்கு முடிவில் கட்டுகின்றவன் இரண்டறை வீடு கட்டும் ஏழை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது பிழை. அவ்வரி அரசின் பொதுக் கருவூலத்தில் கரைவது அதனினும் பெரும்பிழை. பொதுக் கருவூலத்திற்குப் போன பணம் ஊதியத்திற்கும் பழங்கடன் வட்டிக்கும் போகும், வளையமாதேவிக்கு வாராது.

தீர்மானத்தைப் படிக்கின்றேன்:

"பழுப்பு நிலக்கரி, சுண்ணக்கல் ஆகியவற்றின்மீது தமிழக அரசு திரட்டும் கனிமநில வரியைத் தனி வைப்பாக ஒதுக்கி, அதனைக் கொண்டு மாநில வீட்டுக்கடன் வைப்பகம் ஒன்றை நிறுவுதல் வேண்டும். கனிமத்திற்காக நிலம் இழந்த குடும்பங்களுக்குப் பட்டாவுடன் மனையும், வட்டியில்லாக் கடனும் முதற்கண் கிடைத்தல் வேண்டும். அவ்வைப்பகத்தில் கட்டும் வீடுகளின் கதிரொளி விளக்குகளைப் பேணும் பொறுப்பை மின்பகிர்மானக் கழகம் ஏற்றல் வேண்டும். தனியொருவர் தம் குடியிருப்புக்கு வாங்கும் சல்லிக்கும் கல்மணலுக்கும் இவ்வரியிலிருந்து விலக்கு அளித்தல் வேண்டும். திட்டத்தின் பெயரும், அதன் விண்ணப்பமும், கடன் பத்திரமும் முழுவதும் தமிழிலேயே இருத்தல் வேண்டும்."

இதனை வழிமொழியுமாறு, அறுக்காத நெல்லை இழந்த வளையமாதேவித் தோழர் ஒருவரை மேடைக்கு அழைக்கின்றேன்.