மெருகுக்கு முன்

முதிரை மரத்தில் கதிரை செய்தாயிற்று. இனி வார்னிஷ் பூசுவதுதானே என்று வீட்டுக்காரர் அவசரப்படுகிறார். தச்சரோ அரத்தாளைக் கையில் எடுக்கிறார்.

80ஆம் இலக்கத் தாளில் தொடங்கி 120, 180 எனப் படிப்படியாக, மரத்தின் நார் ஓடும் போக்கிலேயே தேய்த்தல் வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் வெறும் மரத்தில் எளிதிற் புலப்படாது. சாயம் அதனுள் இறங்கிக் கறுத்த பின்னரே தன்னைக் காட்டும். அப்பொழுது பூச்சு முழுவதையும் நீக்கி, மீண்டும் தேய்க்க நேரும். ஒரு படியைத் தாண்டி மிச்சம் பிடித்த நேரம் அவ்வாறே பறிபோகும். ஆதலின் அனுபவசாலிகள் விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்துப் பார்ப்பர்; சாய்ந்த ஒளியிற் கீறல் ஒளிந்திருக்க முடியாது. பின்னர் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பர். படுத்திருந்த நார்கள் எழும்பும். உலர்ந்ததும் 220ஆம் இலக்கத் தாளை மெல்ல ஓட்டினால் அவை அடங்கிவிடும்.

தூசியைத்தான் பலரும் பொருட்படுத்துவதில்லை. முதிரைத் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். அதனினும் பெரிய கேடு மூச்சோடு உட்செல்வது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. மூக்கின் உட்பகுதியையே அந்நோய் பற்றுகின்றது. தோளில் கிடக்கும் துவாயை முகத்திற் சுற்றிக்கொள்வது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். வேலையும் காற்றோட்டமான இடத்தில் நடைபெறவேண்டும்.

தூசி முற்றாகத் துடைக்கப்பட்ட பின்னரே வார்னிஷ் பேணியைத் திறக்கலாம்.