நிறம் கேட்காதீர்கள்



வேலை, சம்பளம் பற்றிச் சொல்ல, பட்டம் பெறும் உங்களுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கல்யாணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மாசி மகத்தன்று மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு வரும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கரையை நீங்கள் கூட்டத்தோடு பார்த்திருப்பீர்கள். திருவிழா இல்லாத ஒரு நாள் விடியலில் போய்ப் பாருங்கள். வலைக்கு ஒருபுறம் கணவர், மறுபுறம் மனைவி. கண்ணியில் மாட்டிய மீனை அவர் கழற்றிப் போட, இவர் வகை பிரித்துக் கூடையில் அடுக்குவார். முழங்கை வரை செதில் ஒட்டியிருக்கும். உப்புக்காற்றிலும் வெயிலிலும் இருவர் முகமும் கறுத்திருக்கும். பேச்சு அதிகம் இருக்காது. கை நீளுமுன்பே கூடை நகர்ந்து வரும். பிறகு அந்த அம்மா கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போவார். இதைவிடப் பெரிய காதலை நான் எந்தத் திரைப்படத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் அதே வீட்டில் வரன் பேசினாலும் முதல் கேள்வி, "பொண்ணு கலரா?" என்பதுதான். 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகு முகப்பூச்சு, எதிர்ப்புகளுக்குப் பின் 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் அந்தக் கேள்வி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை பெண்களை அது கண்ணாடி முன் கூனிக்குறுக வைத்திருக்கிறது!

அழகு இல்வாழ்வைக் காக்குமா? ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா எடுக்கும் நம் காரைக்காலைக் கேளுங்கள். காரைக்கால் அம்மையாரான புனிதவதி பேரழகி என்கிறது பெரிய புராணம். அவர் வேண்டியதும் இறைவன் தந்த மாங்கனியைக் கண்டு கணவன் பரமதத்தன் அஞ்சினான். மனைவியின் மனத்தை அறிய முயலாமல் கப்பலேறினான். பாண்டிநாட்டில் வேறு மணம் செய்தான். கணவனுக்காகச் சுமந்த எழிலை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார் அவர். அந்த உருவில் வந்தவரைத்தான் சிவபெருமான் அம்மை என்று அழைத்தார்.

ஆகவே ஒருவரைப் பிடித்திருந்தால், அழகை மட்டும் பார்க்காமல் சில நாள் பொறுத்துக் குணத்தைக் கவனியுங்கள். கோபத்தில் என்ன சொல் வருகிறது? உங்கள் வளர்ச்சியில் அவர் முகம் மலர்கிறதா? காய்ச்சலில் கிடக்கும்போது பக்கத்தில் இருக்கிறாரா?

மாணவர்களே, குறிப்பாக ஆண்பிள்ளைகளே, உங்களுக்காகப் பெண் பார்க்கும் பேச்சில் யாராவது நிறத்தைக் கேட்டால், அது அம்மாவாகவே இருந்தாலும், "அந்தக் கேள்வி வேண்டாம்" என்று அங்கேயே சொல்லுங்கள். அதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.